பிரேக் மட்டும் பாக்கி

தெருக்காரர்கள் அந்த மெக்கானிக்குக்கு வைத்த பெயர் ஓட்டை உடைசல். பெயரைக் கெடுக்காமல் அவனும் மூன்று மாதமாகக் கண்ட கண்ட இரும்பையெல்லாம் வீட்டுக்குச் சுமந்தான். எல்லாம் தோட்டத்தைக் கொத்திக் கொத்தியே இடுப்பு ஒடிந்துபோன மனைவிக்காக. பழைய ஜெனரேட்டரின் இன்ஜின், நொறுங்கிய காரின் கியர்பெட்டி, பின் அச்சு, சலூன் நாற்காலியின் இருக்கை என்று ஒரு குட்டி டிராக்டர் தேறிவிட்டது. பிரேக் மட்டும் பாக்கி. "முதல்ல ஓடட்டும், நிறுத்துறதை அப்புறம் பாக்கலாம்" என்றான், பெரிய தத்துவம் போல.

இன்று வெள்ளோட்டம். "முன்னாடி நிக்காதே, பின்னாடி போ" என்று மனைவியைத் தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள மூலையில் நிறுத்தினான். இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் போனது.

சட்டென்று கிளட்சை மிதித்தான். ஆனால் தரை மதிலை நோக்கிச் சரிவு. வண்டியின் பின்பக்க இரும்புச் சட்டம் அவள் தொடையை மதிலோடு அழுத்திக்கொண்டு நின்றது. அவள் அலறினாள். கியரை எடுத்துவிட்டு இறங்கினாலும், அத்தனை இரும்பை மேட்டில் தள்ள ஓராளால் ஆகாது.

"ரிவர்ஸ் போடுங்க!"

"பைத்தியமா உனக்கு? நசுங்கிடுவே!"

"மாட்ட வரலேன்னு அச்சைத் தலைகீழாத் திருப்பினீங்களே! நான்தானே பிடிச்சேன்! எல்லாம் மாறித்தான் சுத்துது... போடுங்க!"

திருப்பியது உண்மைதான். திருப்பினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுமா? இருபது வருஷமாக ஸ்பேனர் பிடித்தவனுக்கு அந்த நேரம் பார்த்து மூளை ஓடவில்லை. ரிவர்ஸ் என்றால் பின்னால். பின்னால் அவள். வியர்த்த கை கியர்க் கம்பியில் வழுக்கியது.

"என்னங்க..." இந்த முறை அவள் குரலே எழும்பவில்லை.

ரிவர்ஸ் போட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கிளட்சை விட்டான்.

வண்டி முன்னால் ஏறியது. கத்தரிப் பாத்தியை மிதித்துக்கொண்டு போய் மண்மேட்டில் முட்டி அணைந்தது.

விழுந்தடித்து ஓடிவந்து அவள் காலைப் பிடித்துப் பார்த்தான். தொடை கன்றிப்போயிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "நான் சொன்னது புரிஞ்சுதானே போட்டீங்க?"

"புரியல." தரையில் உட்கார்ந்து அவன் ஓவென்று அழுதான். "நீ சொன்னியேன்னு போட்டேன்."