உள்ளே தெரியாத கண்ணாடி

எங்கள் வீட்டுக்கு எது வாங்கினாலும் சவூதியில், தம்மாமில் இருக்கும் மகன் ஜாஸிம்தான் போனில் பார்த்துத் தேர்ந்தெடுப்பான். தரைக்கு டைல்ஸ், அடுக்களைக்கு மிக்ஸி, என் கால் செருப்பு வரைக்கும் அப்படித்தான். குளச்சலில் பாதி வீடுகளில் இதுதான் நடப்பு. அங்கே வெயிலில் வேகிறவன் ஆசைப்பட்டுச் சொல்கிறானே என்று நாங்களும் தலையாட்டிவிடுவோம்.

கறையான் தின்ற தெருப்பக்க ஜன்னலை மாற்றும்போது மட்டும் நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் ஜலாலுதீனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த ஜன்னல்தான் உலகம். கட்டிலை அதன் ஓரமாகவே போட்டிருந்தேன். தெருவில் போகிறவர்கள் சலாம் சொல்வார்கள். சந்தைக்குப் போகும் நாராயணபெருமாள் சைக்கிளை நிறுத்தி, "என்ன மொதலாளி, எழும்பியாச்சா?" என்று கேட்பார். இவர் நல்ல கையைத் தூக்கிக் காட்டுவார். பேச்சுத்தான் போய்விட்டது. அப்படிக் கையைத் தூக்குவதற்காகத்தான் காலையில் அடம் பிடிக்காமல் கஞ்சி குடிப்பார், சவரத்துக்கு முகத்தைக் காட்டுவார். அந்த முகம் ஒரு பக்கமாகக் கோணிப்போனதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று அறையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாதம் வந்த அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

ஜன்னல் கடைக்கார விபின் மாதிரிகளை ஒவ்வொன்றாகப் போன் முன்னால் பிடித்தான். கருநீலத்தில் ஒன்று ஜாஸிமுக்குப் பிடித்துப்போனது. எதிரே நின்று தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"இது போட்டா உள்ள இருக்குதது ஒண்ணும் வெளிய தெரியாது," என்றான் விபின்.

"உள்ள இருக்கவரு தெரியணும் மக்கா. அதுக்குத்தானே கட்டில அங்கன போட்டிருக்கு," என்றேன்.

"உம்மா, வாப்பா கெடக்குத கெடப்ப ஊரு முழுக்கப் பாக்கணுமா?" ஜாஸிமுக்குக் குரல் உடைந்தது. "ஏசியும் வைக்கப் போறோம். தொறக்காண்டாம். தொறக்க முடியாத மாதிரி ஒரேயடியா அடச்சுப் போடச் சொல்லுங்க."

போனில் அவன் அழுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கடல் தாண்டிக் கிடந்து அழுகிற பிள்ளையிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஜன்னல் வந்தது. மறுநாள் சவரம் செய்து, சட்டை மாற்றி, இவர் காத்திருந்தார். நாராயணபெருமாள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வந்தார். இவர் கையைத் தூக்கினார். அந்த மனுஷன் மீசையை ஒதுக்கிக்கொண்டு, பல்லில் எதையோ பார்த்துவிட்டுப் போய்விட்டார். இவர் விரலால் கண்ணாடியைத் தட்டினார். தடித்த கண்ணாடி, சத்தம் தாண்டவில்லை.

அடுத்த நாள் வாசலில் நின்று நானே நாராயணபெருமாளிடம் விஷயத்தைச் சொன்னேன். பாவம், கண்ணாடியைப் பார்த்து, "என்ன மொதலாளி," என்றார். பதிலுக்கு அவருடைய மூஞ்சிதான் அதில் தெரிந்தது. நடுத்தெருவில் தன்னோடு தானே பேசுவது போல் அவருக்கே கூச்சமாகிவிட்டது. பிறகு அவர் சைக்கிளை நிறுத்துவதில்லை.

ஜன்னல் வேலைக்காகக் கழற்றியிருந்த விளக்கை அன்றைக்குத்தான் அறையில் திரும்ப மாட்டியிருந்தார்கள். பொழுதடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் அதைப் போட்டேன். இவர் ஜன்னலைப் பார்த்துக் கண்ணை விரித்தார். யாரோ வந்துவிட்டார்கள் என்று எனக்கும் சந்தோஷம். இவர் கையைத் தூக்கினார். கண்ணாடிக்குள்ளும் ஒரு கை எழும்பியது. விளக்குப் போட்டால் கண்ணாடி நம் பக்கம் திரும்பிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"ஆரு?" என்றார்.

எத்தனையோ மாதம் கழித்து வந்த முதல் வார்த்தை. கண்ணாடியில் தெரிந்த கோணல் வாயைக் காட்டித்தான் கேட்டார். ஓடிப்போய் விளக்கை அணைத்தேன்.

இருட்டானதும் தெரு தெரிந்தது. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் இவர் கையைத் தூக்கினார். ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் கை தளர்ந்து நெஞ்சில் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அதே கையால் எதிர்ச் சுவரைக் காட்டினார். எனக்குப் புரிந்தது. அழுதுகொண்டே கட்டிலைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.