முன்னால் ஓடியவள்

எங்கள் எழுத்தாளருடைய வீரர்கள் யாரும் சும்மா ஜெயிப்பதில்லை. ஏதோ ஒரு நொடியில் பல்லைக் கடித்து, முடிவெடுத்து, அதற்கப்புறம்தான் ஜெயிப்பார்கள். ஒற்றைக்கால் நீச்சல்காரர், மீன் வெட்டும் குத்துச்சண்டைக்காரி என்று யாரும் எதிர்பார்க்காத ஆட்களாகத் தேடிப் பிடித்துப் புத்தகம் போடுவார். விவரமெல்லாம் சுத்தமாக இருக்கும். அந்த நொடியை மட்டும் அவரே சமைத்துவிடுவார். எடிட்டர் என்ற பெயரில் நான் எத்தனை முறை சண்டை போட்டாலும், "வாசகருக்கு அதும்மா வேணும்" என்பார். எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

புதுப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் ஓட்டக்காரி ஒருத்தியைப் பற்றியது. அக்கா, தங்கை இருவருமே ஓட்டக்காரிகள். அக்காவைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் வைத்துக்கொள்வோம். பெரியவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. தேசிய அணியில் இடம் பிடிக்க ஒரே ஒரு சாலைப் பந்தயம்தான் பாக்கி. தங்கையைப் பேஸராக ஓடச் சொன்னாள். பேஸர் என்றால் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பவள். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் தாளம் குலையும். பின்னால் கேட்கும் காலடிதான் கணக்கு. காலடி தேய்ந்தால் தானும் வேகத்தைத் தணித்து, பின்தங்கியவளை மறுபடி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அக்கா "போதும்" என்றதும் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும்.

சின்னவள் தணியவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. முதல் ஆளாகப் போய் நாடாவை அறுத்தாள். பெரியவள் எங்கேயோ பின்னால் வந்து சேர்ந்தாள். அணியில் இடம் தங்கைக்குப் போனது. அன்றைக்கு நின்ற பேச்சு, வருஷக்கணக்காக நின்றபடியே இருந்தது.

எழுத்தாளர் எழுதியிருந்தார்: "பாலத்தில் ஏறும்போது அவள் முடிவெடுத்தாள். இனி யாருக்காகவும் ஓடப்போவதில்லை."

புத்தகம் அச்சேற வேண்டிய அன்று காலையில் சின்னவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். எழுத்தாளர் படிக்கக் கொடுத்திருந்த பக்கங்களை மேஜைமேல் போட்டாள்.

"நான் அப்படி ஒரு முடிவும் எடுக்கல சார். பின்னாடி காலடி கேட்டுச்சு. அக்காதான்னு நெனச்சேன். போதும்னு சொல்லுவான்னு காத்துக்கிட்டே ஓடினேன். சொல்லவே இல்ல. நாடாவைத் தாண்டித் திரும்பினா, பின்னாடி நிக்கிறது வேற யாரோ."

எழுத்தாளர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "ஏம்மா, தெரியாம ஜெயிச்சேன்னு போட்டா யாரும்மா படிப்பாங்க? இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, மறைப்பானேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அடங்கிவிட்டது. "இது புத்தகமா வந்துட்டா, வேணும்னேதான் விட்டுட்டுப் போனேன்னு அக்கா முடிவே பண்ணிடுவா மேடம். எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான்," என்றாள்.

அச்சகத்திலிருந்து ஃபோன் வந்தது. "மெஷின் சும்மா நிக்குது மேடம். மதியத்துக்குள்ள ஓட்டலன்னா வேற வேலை ஏத்திடுவேன்." இதோ, இதோ என்று சமாளித்து வைத்தேன்.

அந்தப் பத்தியை அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினேன். எழுத்தாளர் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பெரியவளைப் பற்றியும் அதில் இருந்தது. அவள் சம்மதமில்லாமல் மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"என் ஃபோனை எடுக்க மாட்டா. நீங்க கூப்பிடுங்க," என்றாள் சின்னவள்.

கூப்பிட்டு, எழுதியதைப் படித்துக் காட்டினேன். "நான் நேர்லயே வர்றேன்," என்று பெரியவள் வைத்துவிட்டாள்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாம். கழுத்தில் விசிலோடு அப்படியே வந்துவிட்டாள். சின்னவள் எழுந்து நின்றாள். பெரியவள் அவள் பக்கம் திரும்பாமல் என்னிடம் கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், இரண்டாம் முறையும் படித்தாள்.

"காலடி கேட்டுச்சாம்," என்றாள் என்னைப் பார்த்து. "மேடம், சின்ன வயசுல எனக்கு இடது கணுக்கால் முறிஞ்சு, சரியாக் கூடல. ஓடும்போது அந்தப் பாதம் தரையில லேசா இழுபடும். ரெண்டு பேரும் தினமும் ஒண்ணாத்தான் ஓடினோம். கும்மிருட்டுல ஓடினாக்கூட, அக்கா இன்னிக்குக் கால் வலிக்குதான்னு அந்தச் சத்தத்தை வெச்சே கேப்பா இவ."

எழுத்தாளர் பேனாவை எடுத்தார். நான் முறைத்த முறைப்பில் கீழே வைத்தார்.

பெரியவள் அப்போதுதான் தங்கையைப் பார்த்தாள். "ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டு விட்டுட்டுப் போயிட்டான்னு இவ்வளவு நாள் நெனச்சேன். கோபமா இருந்துச்சு. ஆனா புரிஞ்சுது. எனக்கும் அந்த வெறி உண்டு. இப்ப வந்து, என் காலடிக்கும் ஊர்பேர் தெரியாதவ காலடிக்கும் வித்தியாசம் தெரியலங்கிற. இதுதாண்டி எனக்குத் தாங்கல."

"அக்கா..."

"தெரியலையா?"

ஃபோன் மறுபடி அடித்தது. அச்சகம்தான். எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

"தெரியலையான்னு கேக்கிறேன்ல?"

"தெரிஞ்சுது," என்றாள் சின்னவள். "பாலத்துல ஏறும்போது உன் சத்தம் நின்னு, வேற சத்தம் வந்துச்சு. தணியணும்னு தெரியும். தணியல. கால் நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சுக்கா. ஒரே ஒரு தடவை எனக்காகப் போய்ப் பாக்கலாம்னு... அப்புறம் இதையெல்லாம் உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதான்னு நெனச்சேன்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லி, அதுவே நெசம்னு ஆயிடுச்சு."

குருட்டாம்போக்கில் எழுதியது அப்படியே பலித்துவிட்டதில் எழுத்தாளர் வெலவெலத்துப் போனார். தான் சமைத்த நொடிகளில் ஒன்றாவது நிஜமாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலும். எனக்கு அவரைக் கிண்டல் செய்யக்கூடத் தோன்றவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெரியவள் போய்விடுவாள் என்று.

அவள் போகவில்லை. "அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா நாலு அறை விட்டுட்டுச் சோறு போட்டிருப்பேன்," என்றாள்.

"இப்ப அறையேன்."

"அறையறதுக்கு நீ எனக்கு யாராவதா இருக்கணும்ல?"

சின்னவள் அழவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள், சரிதான் என்பதுபோல. பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "சார் எழுதினதையே போடுங்க மேடம். அதுதான் உண்மை. என் பேரு கெட்டாலும் பரவாயில்ல," என்று பையை எடுத்தாள். பெரியவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் போனாள்.

பளார் என்று விழுந்தது. பை எகிறி மூலையில் போய் விழுந்தது.

"அய்யய்யோ, என்னம்மா இது!" என்று எழுத்தாளர் பதறியடித்து எழுந்து நடுவில் போனார்.

பெரியவள் ஒரு கையால் அவரை ஒதுக்கினாள். மறு கை தங்கையின் தோளைப் பிடித்திருந்தது.

"நீங்க உக்காருங்க சார். இது எங்க வீட்டு விஷயம்."