வலது கன்னத்துப் பழைய முறிவு

எக்ஸ்ரே அறை வாசலில் காலையிலேயே வரிசை நீண்டிருந்தது. "தாடையை நிமிர்த்துங்க, பலகையில ஒட்டி வைங்க, மூச்சு விடாதீங்க" என்று இருபத்தாறு வருடங்களாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் அவள். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேக்கா. அன்று ஒன்பதாவதாக உள்ளே வந்தது அவளுடைய மருமகள். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. பின்னால் மகன் நின்றான்.

"குளியலறையில வழுக்கிட்டாம்மா" என்றான். மருமகள் தரையைப் பார்த்தாள்.

எக்ஸ்ரேக்கா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

திரையில் படம் தெரிந்தது. கன்ன எலும்பு தனியாக நிற்பதில்லை. மேலே நெற்றி எலும்பையும், மூக்கின் பக்கம் மேல்தாடையையும், காதுப் பக்கம் பொட்டெலும்பையும் பிடித்துக்கொண்டு நிற்கும். இடது பக்கம் மூன்று பிடியும் விட்டிருந்தன. அதோடு போயிருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். வலது பக்கம், காதை நோக்கிப் போகும் வளைவில் ஒரு பள்ளம். தானாகவே ஒட்டிக்கொண்ட பழைய முறிவு.

போன வருடம் ஒரு வாரம் மருமகளால் வாய் திறக்க முடியவில்லை. கடைவாய்ப்பல் வலி என்றான் மகன். எக்ஸ்ரேக்கா மாத்திரை கொடுத்தாள், சாப்பாட்டை மசித்துக் கொடுத்தாள், நல்ல மாமியார் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். அந்த வளைவு உள்ளே அமுங்கினால் தாடை அசையாது என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும். ஊரார் முகத்தையெல்லாம் துருவிப் பார்த்தவள், வீட்டிலிருந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் நிஜம்.

மகன் நெருங்கி வந்தான். "டாக்டர்கிட்ட இவ விழுந்துட்டான்னே சொல்லிடும்மா. வெளிய தெரிஞ்சா நான் ஜெயிலுக்குத்தான் போகணும்."

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

"எப்படி ஆச்சு எக்ஸ்ரேக்கா? விழுந்துட்டாங்களா?"

"விழுந்தா மூக்குல படும், உள்ளங்கை தேயும். இவ கையில ஒரு கீறல்கூட இல்ல டாக்டர். இது குத்து. அந்தப் பக்கம் இருக்கறது போன வருஷத்துக் குத்து. அடிச்சது என் பையன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தது நான். ரெண்டையும் எழுதி போலீசுக்கு அனுப்புங்க."

"அம்மா" என்றான் மகன். அவள் திரும்பவில்லை. மருமகளின் கையைப் பிடிக்கப் போனாள். மருமகள் கையை இழுத்துக்கொண்டாள். வாய் பாதிதான் திறந்தது. ஆனாலும் சொன்னது தெளிவாகவே கேட்டது.

"அந்த ஒரு வாரத்துல ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா இந்தக் கன்னம் உடைஞ்சிருக்காது அத்தை. வீட்ல இருக்கறவங்க வாயை மூடிக்கிட்டா, அடிக்கிறவனுக்கு அதுதான் தைரியம்."