ஓய்வுக் கமிட்டி

ஓய்வெடுப்பதற்கு ஒரு கமிட்டி போடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. ஆனால் போட்டார்கள். தலைவராக லிஃப்ட் மெக்கானிக்கைப் போட்டார்கள். திருச்சபையில் எந்த வேலை என்றாலும் அவர் தலையில்தான் கட்டுவார்கள். அவரும் வாகாகக் குனிந்து கொடுப்பார். மைக் கரகரத்தால் அவர், தண்ணீர்த் தொட்டி வழிந்தால் அவர், கல்யாணத்துக்கு நாற்காலி போதவில்லை என்றாலும் அவர். வாரம் முழுக்கக் கட்டடம் கட்டடமாக ஏறி லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், ஞாயிறு காலையில் ஆலயக் கதவைத் திறந்தால் இருட்டிய பிறகுதான் பூட்டிவிட்டு வீடு திரும்புவார்.

எல்லாரும் ஓடிக்கொண்டே இருக்கிறோம், ஓய்வுநாளை மறந்துவிட்டோம் என்று போதகர் மனம் வருந்திப் பிரசங்கம் செய்ததில் ஆரம்பித்தது இது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தைப் பூட்டிவிட வேண்டும், எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு ஆற அமர இருக்க வேண்டும் என்று முடிவானது. நல்ல முடிவுதான். அதற்கான கூட்டங்களை ஞாயிறு மதியங்களில் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. கமிட்டியில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

மெக்கானிக்கின் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. வாரம் முழுக்க நின்றபடியே துணியை விரித்துக் காட்டி மடித்து வைக்கும் வேலை. கல்யாணமான புதிதில் அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு மதியம் சாப்பிட்ட பிறகு அவர் தன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நகை கேட்டிருந்தால் கடனை உடனை வாங்கியாவது செய்து போட்டிருப்பார். இதற்கு மட்டும் "அடுத்த வாரம்" என்றார். கர்த்தருடைய வேலை என்று சொல்லிவிட்டால் எந்த மனைவி எதிர்த்துப் பேசுவாள்? கொஞ்ச காலம் கோபித்துக்கொண்டாள். பிறகு அவர் பங்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிடப் பழகினாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் மனம் சமாதானமாகிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஓய்வு ஞாயிறுக்கு முந்தின நாள் மாலை, சபையில் பேசுவதற்குக் குறிப்பு எடுத்தபடி அவளைக் கூப்பிட்டார்.

"நம்ம வீட்டு ஓய்வுநாள் எப்படி இருக்கும்னு ரெண்டு வார்த்தை சொல்லேன். நாளைக்கு நான் பேசணும்."

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"என்னோடதைச் சொல்லவா, உங்களோடதையா?"

அவளுடையதையே சொல்லச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வதையும், வெயில் தாழ்ந்ததும் மாடி வீட்டு டீச்சரோடு பூங்காவுக்குப் போவதையும், அங்கே இருவரும் கடையையும் பள்ளிக்கூடத்தையும் கிண்டலடித்து வயிறு வலிக்கச் சிரிப்பதையும் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அத்தனையிலும் தன் பேச்சே வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பியவருக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் ஆராதனையில் நாலு வார்த்தை பேசி ஒப்பேற்றினார். ஆலயத்தைப் பூட்டிச் சாவியைப் போதகரிடம் கொடுத்துவிட்டு, மனைவியோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்தார். சேர்ந்தே சாப்பிட்டார்கள். அவள் டீச்சருக்கு போன் போட்டு, அவர் இன்றைக்கு வீட்டில் இருக்கிறார், தன்னால் வர முடியாது என்று மெதுவான குரலில் சொன்னாள். அதைக் கேட்டு அவருக்கு மனம் குளிர்ந்தது.

பிறகு கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் லிஃப்டைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் "அப்படியா" என்றாள். கடையில் வேலை எப்படி என்று கேட்டார். "நல்லாத்தான் போகுது" என்றாள். ஃபேனைக் கூட்டவா என்றாள். தலையணை வேண்டுமா என்றாள். டீ போடட்டுமா என்று எழுந்தாள், வேண்டாம் என்றதும் உட்கார்ந்தாள். முதுகு நாற்காலியில் சாயவே இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு தடவை அவளைக் கூப்பிடக் கடைக்குப் போனபோது இதே முகத்தைப் பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர் அடுத்து என்ன கேட்பாரோ என்று நிற்கிற முகம். வாரத்தில் அவள் உட்காருகிற ஒரே நாளையும் வந்து கெடுத்துவிட்டோமே என்று நினைத்தார். கேட்டபோது கொடுத்திருக்கலாம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவளுக்கு இப்போது கொண்டுவந்து நீட்டி என்ன பிரயோஜனம்?

"டீச்சர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க. நீ போயிட்டு வா" என்றார்.

நான் போகவில்லை, நீங்கள் இருக்கும்போது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தார். அவள் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். "கதவைச் சாத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.