கழுவாத ஓடுகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் ‘சிப்பிக்காரி’ என்று பட்டப்பெயர். கடலடிச் சேற்றிலிருந்து மணலைவிடச் சிறிய உயிர்களின் ஓடுகளைப் பொறுக்கி, அதிர்வுத் தொட்டியில் போட்டுப் பளபளவென்று கழுவி, நுண்ணோக்கியில் பார்ப்பது வேலை. கழுவுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அழுக்கோடு ஒரு ஓடு கண்ணில் பட்டால் போதும், அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

போன வருஷம் தம்பி ஊருக்குப் பக்கத்து வளைகுடாவில் மீன் வளர்க்கக் கூண்டு போட இடம் தேடியபோது, அந்த அடிச்சேற்றைப் பார்த்துச் சொன்னதும் அவள்தான். “ஓடெல்லாம் சுத்தமா இருக்குடா. கண்ண மூடிக்கிட்டுப் போடு.” அக்கா வாக்கே வேதவாக்கு என்று அவனும் மனைவியின் அண்ணனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

இந்த வாரம் தொட்டி பழுது. ரிப்பேர்க்காரர் நாளை நாளை என்று இழுத்தடித்தார். போன மாதம் அதே வளைகுடாவில் குழாய் இறக்கி, அடுக்குக் கலையாமல் எடுத்த சேறு மேஜைமேல் காத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல், மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓடுகளைக் கழுவாமலே நுண்ணோக்கியில் வைத்தாள்.

ஒட்டியிருந்தது வெறும் அழுக்கு இல்லை. ஒரே அளவில் குச்சி குச்சியாக, இழை இழையாக ஓட்டின்மேல் அப்பிக்கொண்டிருந்தது. கல்லாகிப் போன பாக்டீரியா. ஆக்சிஜன் தீர்ந்து, விஷவாயு ஊறும் கடலடியில் தழைக்கிற வகை. இத்தனை வருஷமும் சாட்சியைத்தான் கழுவிக் கொட்டியிருக்கிறாள், பெருமையாக வேறு.

அடியிலிருந்து அடுக்கடுக்காக மேலே வந்தாள். மூன்று இடங்களில் அந்தக் குச்சிகள் பெருகியிருந்தன. மூன்று முறையும் அதற்கு அடுத்த அடுக்கில் ஒரு ஓடுகூட இல்லை, வெறும் கறுப்புச் சேறு. வாயு கிளம்பி, இருந்த உயிரையெல்லாம் வாரிக்கொண்டு போயிருக்கிறது.

நான்காவது முறை குச்சிகள் மொய்த்திருந்தது உச்சி அடுக்கில். அவை இன்னும் கல்லாகக்கூட இல்லை. அதற்கு அடுத்த அடுக்கு இனிமேல்தான் படிய வேண்டும்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

“எங்கடா இருக்க?”

“கூண்டுகிட்டதான்க்கா. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துகிட்டு நிக்குது. தீனி பத்தல போல. துளி காத்தில்ல, தண்ணி எண்ணெய் மாதிரி கெடக்கு.”

“ஏதாவது நாத்தம் அடிக்குதா?”

“காலையில அழுகின முட்டை நாத்தம், கொடலப் பொரட்டுச்சு. இப்ப சுத்தமா இல்ல. தலவலிதான் விட மாட்டேங்குது.”

அந்த வாயு அளவு மீறினால் முதலில் மூக்கைத்தான் மரக்கடிக்கும். நாற்றம் எங்கேயும் போயிருக்காது.

“படக எடு. கரைக்கு வா, இப்பவே!”

“என்னக்கா, நீதான இந்த எடம் சுத்தம்னு சொன்ன?”

“தப்பாச் சொல்லிட்டேன்டா. எல்லாம் என் தப்பு. உன் கால்ல விழறேன், கெளம்பு!”

“சரி சரி, அழாத. மச்சான் படகுலயே கால நீட்டித் தூங்கிட்டாரு. எழுப்பிட்டு வரேன்.”

போனில் அவன் சிரிப்பது கேட்டது. “மச்சான், தூங்குனது போதும், ஏந்திரிங்க. அக்கா வரச் சொல்லுது.”

பிறகு இன்னொரு முறை கூப்பிட்டான். அதில் சிரிப்பு இல்லை.