ஜுலைகா பீவி கப்பலேறிய வழக்கம்

கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு, மக்கா இருக்கும் கிப்லா திசையை நோக்கி உட்கார்ந்து எழுதுகிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எண்பத்தொரு வயதில் பொய் சொல்வதற்கு ஞாபகசக்தி போதாது.

போன ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தென்னூர் வீட்டில் பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மருமகள் தஸ்லிமா தன் போனை என் மனைவி கமர் ஜஹான் பக்கம் நீட்டினாள். தஸ்லிமா கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். ஆலையும் ரயிலும் வருவதற்கு முன்னால் உலகத்துப் பெண்களெல்லாம் எப்படி இருந்தார்கள் என்று ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். அதை வந்து வாசிக்கும்படி சுமத்ராவிலிருந்து அழைப்பு. ஐந்து நாள். துபாயிலிருக்கும் என் மகன் மன்சூர், "உம்மா சரின்னா எனக்கும் சரி" என்று போனிலேயே நழுவியிருந்தான்.

"அங்கேயும் நம்ம ஆளுங்கதான் மாமி. தொழுவுறாங்க, நோன்பு வைக்கிறாங்க. ஆனா வீடு, வயல் எல்லாம் உம்மாகிட்டேர்ந்து மகளுக்குத்தான் போகும். அந்தக் காலத்துலேர்ந்தே அப்படித்தான்."

"ஆம்பளைங்க?"

"பொண்டாட்டி வீட்டுக்கு வந்து தூங்கிட்டுக் காலையில கிளம்பிடுவாங்களாம்."

கமர் ஜஹான் என்னை ஒருமுறை பார்த்தாள். என்ன நினைத்துப் பார்த்தாள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. பிறகு, "நம்ம குடும்பத்துல பொம்பளை தனியாக் கடல் தாண்டுன வழக்கமில்ல" என்றாள். வழக்கம் என்று அவள் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. தஸ்லிமா போனைத் தயிர்ப் பச்சடிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். ஆறு வருட உழைப்பும் அதோடு கவிழ்ந்து கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இல்ல? ஜுலைகா பீவி போனாங்களே" என்றேன்.

ஜுலைகா பீவி எனக்கு ஏழு தலைமுறைக்கு முந்தியவர். உறையூர்ச் சேலைகளைப் பரிசலில் ஏற்றிக் காவிரியோடு போய், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். கப்பலில் நாற்பது ஆண்கள், சமையல் அவர்களுடையது. நடுக்கடலில் மாலுமி காய்ச்சலில் விழவே, பீவி கிராம்பு வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டே சுமத்ராவுக்குச் சுக்கானைத் திருப்பினார். இடையில் அவருக்கு ஜலதோஷம் பிடித்ததால் மூன்று நாள் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. இதையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

சாப்பிட வந்திருந்த பக்கத்து வீட்டு காஜா மைதீன் எலும்பைக் கீழே வைத்தார். "எங்க அத்தாவும் சொல்லியிருக்காரு அலி பாய். இடது பக்கம் மூக்குத்தி போட்டிருப்பாங்களாம்."

நான் மூக்குத்தியைப் பற்றிப் பேசவே இல்லை.

கமர் ஜஹான் தண்ணீர் குடித்து முடித்தாள். "போனாங்கதான். ஆனா தனியாப் போகல. மாமியாரைக் கூட்டிக்கிட்டுத்தான் போனாங்க. இவருக்கு வயசாச்சு, பாதியை மறந்துட்டாரு."

இல்லை என்றால் பீவியே இல்லை என்றாகும். ஆமாம் என்றால் கடல் தாண்டத் துணை வேண்டும் என்றாகும். வாயில் இருந்த சோற்றை மென்றுகொண்டே இருந்தேன்.

கை கழுவும் இடத்தில் தஸ்லிமா என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உண்மையைச் சொல்லுங்க. அந்த மாமியார் நிஜமாவே போனாங்களா?"

"தெரியலம்மா" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

"அஞ்சு நாளும் நான் பேசுறதை மாமி முன்வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பாங்க மாமா."

"பீவிக்கும் அந்தக் கஷ்டம் இருந்திருக்கும்."

அவள் சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை.

செப்டம்பரில் திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் போய் வழியனுப்பினேன். கமர் ஜஹானுக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட். இரண்டு பாஸ்போர்ட்டும் அவள் கையில்தான் இருந்தன. இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு தஸ்லிமா பின்னால் போனாள். வாசலில் நின்ற காவலர், யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றார்கள். கண்ணாடிக் கதவு மூடியது. உள்ளே கமர் ஜஹான் எதையோ மோப்பம் பிடிப்பவள் போல முகத்தை உயர்த்தி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் நடந்தாள்.

நான் அநாதை விடுதியில் வளர்ந்தவன். பெற்றவர்கள் யாரென்றே தெரியாது என்பதை நிக்காஹுக்கு முன்பே கமர் ஜஹானிடம் சொல்லியிருக்கிறேன்.