மீசை கிழிந்த வழக்கு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்த கதையல்ல, ஒட்டுக்கேட்டது. ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். பாதியில் இறங்கிவிட்டார்கள், பாவிகள். மீதி என் கைச்சரக்கு.

2.
பனி மூடிய சரிவில், கணக்கு வாத்தியார் ஒருவர் தன் லயத்துச் சுவரில் ஒரு விரிசலை...

[வேண்டாம். விரிசலைப் பார்த்தவர் வாத்தியார் என்றால் நீங்கள் சட்டென்று நம்புவீர்கள் என்று நினைத்தேன். வெட்கக்கேடு! பார்த்தது கொழுந்து பறிக்கிற அம்மாக்கண்ணு.]

3.
தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயம். அதில் கடைசிக் காம்பரா அவளுடையது. அதன் வெளிச்சுவரில் விரிசல். போன மாதம் மயிரளவு இருந்தது, இப்போது தீக்குச்சி நுழைகிறது. பின்னால் மண்மேடு. மழைக்காலம் வேறு வரப்போகிறது.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "சொவரு நகருதுங்க."

"போன வருசம் சிறுத்தை வந்துச்சுன்னியே, அந்த மாதிரியா?" என்றார் தோட்டத் தலைவர் றிச்சர்ட். கூட்டமே சிரித்தது. போனில் எடுத்த போட்டோவைக் காட்டினாள். பழைய விரிசல் என்றார்கள். பக்கத்துக் காம்பரா இசபெல்கூட, "எந்த லயத்துல விரிசல் இல்ல, அக்கா?" என்றாள்.

(சிறுத்தை விஷயம்: தேடிப் போன ஆண்கள் ஒரு நாயைக் கண்டார்கள். அவள் பார்த்ததும் நாய்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. நானும் நாய் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன்.)

4.
அம்மாக்கண்ணு கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். மிஞ்சிக் கிடந்த தேர்தல் போஸ்டர் ஒன்றை, கூரைக்குக் கீழே மழை படாத இடமாகப் பார்த்து, விரிசலுக்குக் குறுக்கே இழுத்து ஒட்டினாள். சுவர் அசையாவிட்டால் போஸ்டரும் கிழியாது. அதில் வேட்பாளர் ஐயா கைகூப்பிச் சிரித்தார்.

மழை தொடங்கியது. ஒன்பதாம் நாள் ஐயாவின் மீசை இரண்டாகப் பிரிந்தது. பன்னிரண்டாம் நாள் மூக்கும் போனது.

அடேயப்பா, அன்று வந்த கூட்டம்! றிச்சர்ட் மூச்சிரைக்க ஓடிவந்தார். கட்சிக்காரர்கள் ஆட்டோவில் வந்தார்கள். பின்னாலேயே ஒரு பொலிஸ்காரர்.

"ஐயா மூஞ்சிய எவன் கிழிச்சான்?"

"சொவருதாங்க," என்றாள் அம்மாக்கண்ணு.

பொலிஸ்காரர் போஸ்டர் மீசையின் கிழிசலுக்குள் விரலை விட்டார். விரல் சுவருக்குள் போனது. யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனது. அம்மாக்கண்ணுவுக்குச் சந்தோஷமா? எரிச்சல்தான். தன் வாய்க்கு இல்லாத மதிப்பு அச்சடித்த மீசைக்கு இருந்ததே!

5.
முடிவு ஒன்று: மேடு சரிந்து லயம் போகிறது, அம்மாக்கண்ணு ஜெயிக்கிறாள். எழுதிக் கிழித்துவிட்டேன். அவள் சொன்னது சரி என்று காட்ட அவள் வீட்டையே நான் இடிக்க வேண்டுமா?

முடிவு இரண்டு: இன்னும் நாலு நாள் மழை. சுவர் நிற்கிறது. மண்டபத்துச் சிமெந்துத் தரையில் படுத்து எல்லாருக்கும் இடுப்பு வலி. "சிறுத்தைக்காரி பேச்சக் கேட்டு வந்தோமே," என்று முணுமுணுப்பு. இசபெல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பக் கிளம்புகிறாள்.

அம்மாக்கண்ணு வாசலை மறித்து நிற்கிறாள். "மழை விடுற வரைக்கும் பொறு, இசபெல்."

"சொவருதான் நிக்குதே, அக்கா."

[இந்த இடத்தில் அம்மாக்கண்ணு சொல்ல நான் ஒரு வரி எழுத வேண்டும். எழுத வரவில்லை.]

அம்மாக்கண்ணு இசபெலை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள். "நீங்க சொல்லுங்க. என்னைய நம்புறீங்களா, இல்ல சொவரு விழட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

இசபெல் செருப்பை மாட்டிவிட்டாள். சீக்கிரம் சொல்லுங்கள்.